ஃபிட்ஸ் கோப்புகளைத் திறக்க ஆஸ்ட்ரோபையா, சிஃபிட்ஸ்ஐஓ-வா?

கேள்வி இது: பைத்தான் ஓரளவு வரும். ஜேம்ஸ் வெப், ஹபிள், ஆஸ்ட்ரோசாட் விண்தொலைநோக்கிகளின் தரவுகளை இறக்கி நானே அலசிப் பார்க்க ஆசை. எல்லாமே ஃபிட்ஸ் கோப்புகளாக இருக்கின்றன. பைத்தானின் வானியல் லைப்ரரியான ஆஸ்ட்ரோபை போதுமா, சி மொழியிலுள்ள சிஃபிட்ஸ்ஐஓ லைப்ரரியையும் படித்தாக வேண்டுமா? முயன்று பார்த்ததில் ஒரு கோப்பில் டேட்டா கேட்டால் 'நன்' (None, அதாவது ஒன்றுமில்லை) என்கிறது. இன்னொரு கோப்பை நம்பையில் (பைத்தானின் எண் அரே லைப்ரரி) நேரடியாக வாசித்தால் ஒரு எண், ஆஸ்ட்ரோபையில் திறந்தால் வேறு எண். மூன்றாவதில் படம் தலைகீழ். எங்கே கோளாறு?

எங்கேயும் இல்லை. கோப்புகள் நன்றாகத்தான் இருக்கின்றன. முதலில் நேர்ப் பதில்: ஆஸ்ட்ரோபையில் தொடங்குங்கள்; உங்களுக்கு வேண்டியதில் பெரும்பகுதி அதிலேயே முடிந்துவிடும். சிஃபிட்ஸ்ஐஓ எப்போது தேவைப்படும் என்பதைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன்னால், நீங்கள் பார்த்த மூன்று விசித்திரங்களும் ஒரே வேரிலிருந்து வருபவை என்பதைப் பார்த்துவிடலாம். ஃபிட்ஸ் என்பது வானியல் படங்களையும் அட்டவணைகளையும் சேமிக்கும், காந்த நாடா காலத்துக் கோப்பு வடிவம். அந்த வயதை லைப்ரரிகள் நம் கண்ணில் படாமல் மூடி வைத்திருக்கின்றன. மூடி சரியாகப் பொருந்தாத நாலைந்து இடங்களில் உள்ளே இருப்பது எட்டிப் பார்க்கும். அந்த இடங்கள் எவை என்று தெரிந்துவிட்டால் எந்த லைப்ரரியைப் பிடித்தாலும் சமாளிக்கலாம். தெரியாவிட்டால் மிக நல்ல லைப்ரரியும் உங்களைக் குழப்பும்.

1970-களின் கடைசியில் ஒவ்வொரு வானாய்வகத்திலும் ஒவ்வொரு வகைக் கணிப்பொறி இருந்தது. ஓரிடத்தில் ஒரு 'சொல்' என்றால் 60 பிட், வேறோரிடத்தில் 36, மற்றோரிடத்தில் 32. இங்கே எழுதிய நாடாவை அங்கே ஏற்றினால் ஒன்றும் புரியாது. கிட் பீக் ஆய்வகத்தின் டான் வெல்ஸும் அமெரிக்க தேசிய வானொலி வானியல் ஆய்வகத்தின் எரிக் க்ரைசனும் 1979 மார்ச்சில் உட்கார்ந்து ஒரு பொது வடிவத்தை முடிவு செய்தார்கள். நெதர்லாந்தின் ரொனால்ட் ஹார்ட்டனும் சேர்ந்து 1981-ல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். 1982-ல் சர்வதேச வானியல் ஒன்றியம் அதை ஏற்றுக்கொண்டது.

அவர்கள் வைத்த அடிப்படை அளவு 2,880 பைட். கோப்பில் எல்லாமே இந்த அளவுத் துண்டுகளாகத்தான் இருக்கும். கடைசித் துண்டு நிறையாவிட்டால் ஹெடரில் வெற்றிடமும் டேட்டாவில் பெரும்பாலும் பூஜ்யமும் போட்டு நிரப்ப வேண்டும். ஏன் 2,880? பிட் கணக்கில் அது 23,040. இந்த எண்ணை 6, 8, 12, 16, 18, 24, 32, 36, 48, 60, 64 எதனாலும் மீதியில்லாமல் வகுக்கலாம். அன்று புழக்கத்திலிருந்த எந்த இயந்திரத்திலும் ஒரு சொல் பாதியில் வெட்டுப்படாது என்று பார்த்துப் பார்த்துத் தேர்ந்த எண் அது. டேட்டாவுக்கு முன்னால் அதைப் பற்றிய விவரங்களைச் சொல்லும் பகுதிதான் ஹெடர். அதன் ஒவ்வொரு வரியும் 80 எழுத்து; துளை அட்டையின் அகலம். இன்றும் அதை 'கார்டு' என்றே சொல்கிறோம். ஒரு துண்டுக்கு 36 கார்டு. கார்டின் முதல் எட்டு இடங்கள் கீவேர்டுக்கு, ஒன்பதாவதில் சமக்குறி, பத்தாவதில் வெற்றிடம், பிறகு மதிப்பு, சாய்கோட்டுக்குப் பின்னால் விளக்கம். ஜேம்ஸ் வெப் இன்று அனுப்பும் படத்தை டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்தாலும் முதல் பக்கத்தில் நீங்கள் பார்ப்பது இதைத்தான்.

ஒருமுறை சரியான ஃபிட்ஸ் கோப்பாக இருந்தது என்றைக்கும் சரியான ஃபிட்ஸ் கோப்பாகவே இருக்க வேண்டும் என்பது இந்த வடிவத்தை நிர்வகிப்பவர்களின் உறுதியான கொள்கை. புதிதாகச் சேர்க்கலாம், பழையதை ரத்து செய்யக் கூடாது. அதனால்தான் 1980-களில் எழுதிய கோப்பை இன்றைய லைப்ரரி முணுமுணுக்காமல் திறக்கிறது. வத்திக்கான் நூலகம் தன் கையெழுத்துப் பிரதிகளை டிஜிட்டலாக்கியபோது நீண்ட காலப் பாதுகாப்புக்கு ஃபிட்ஸைத் தேர்ந்ததற்கும் இந்தப் பிடிவாதமே காரணம் என்று நினைக்கிறேன்.

சரி, உங்கள் 'நன்'. ஃபிட்ஸ் கோப்பு ஒரு டிபன் கேரியர். ஒவ்வோர் அடுக்கிலும் ஒரு ஹெடர், அதற்குக் கீழே டேட்டா. இந்த ஜோடியைத்தான் ஹெச்டியூ என்கிறார்கள். முதல் அடுக்குக்குச் சட்டம் கடுமை: அதில் படம் இருக்கலாம் அல்லது ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம், அட்டவணை இருக்கக் கூடாது. அட்டவணைகளும் கூடுதல் படங்களும் அடுத்தடுத்த அடுக்குகளில்தான் வரும். இப்போதைய விண்தொலைநோக்கிகள் முதல் அடுக்கில் ஹெடரை மட்டும் வைத்துவிட்டு உண்மையான சரக்கைப் பின்னால் வைக்கின்றன. ஜேம்ஸ் வெப்பின் அளவீடு செய்த படக் கோப்பில் பூஜ்யமாவது ஹெச்டியூவில் டேட்டா கிடையாது. அடுத்து எஸ்சிஐ என்ற பெயரில் படம், ஈஆர்ஆர் என்ற பெயரில் ஒவ்வொரு பிக்சலுக்குமான பிழை, டிக்யூ என்ற பெயரில் எந்தப் பிக்சலை நம்பலாம் என்ற கொடிகள். நீங்கள் பூஜ்யத்தைக் கேட்டீர்கள், அது 'நன்' என்று உண்மையைச் சொன்னது. திறந்தவுடன் இன்ஃபோ கொடுத்து அடுக்குகளைப் பட்டியலிட்டுப் பாருங்கள். பிறகு எண்ணைச் சொல்லாமல் பெயரைச் சொல்லி எடுங்கள். ஹபிளின் டபிள்யூஎஃப்சி3 கருவியில் புறஊதா-ஒளி அலைவரிசைக்கு இரண்டு சிப் உண்டு, அதனால் ஒரே கோப்பில் எஸ்சிஐ இரண்டு தடவை வரும். அங்கே பெயரோடு ஒன்றா இரண்டா என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எண்ணை மட்டும் நம்பி எழுதிய ஸ்கிரிப்ட், வேறு கருவியின் கோப்பு வந்தால் பிழைச்செய்தி எதுவும் தராமல் தப்பான அடுக்கை எடுத்துக் கணக்குப் போட்டுவிடும். 'நன்' வந்து நின்றுபோவதைவிட அதுதான் ஆபத்து.

இரண்டாவது விஷயம் சுவாரசியமானது, கொஞ்சம் நின்று பார்ப்போம். சிசிடி கேமரா ஒரு பிக்சலில் 40,000 என்று பதிவு செய்கிறது என்று வையுங்கள். 16 பிட்டில் 0 முதல் 65,535 வரை எழுதலாம், ஆக இடம் இருக்கிறது. ஆனால் ஃபிட்ஸில் குறியற்ற 16 பிட் முழு எண் என்ற வகையே இல்லை. பிட்பிக்ஸ் என்ற கீவேர்ட் எடுக்கக்கூடிய மதிப்புகள் 8, 16, 32, 64, மைனஸ் 32, மைனஸ் 64 மட்டுமே. மைனஸ் என்றால் தசம எண். 16 என்றால் குறியுள்ள முழு எண், அதன் உச்சம் 32,767. அப்படியானால் 40,000-ஐ எங்கே வைப்பது? 32,768-ஐக் கழித்து 7,232 என்று எழுதிவிட்டு, ஹெடரில் பிஜீரோ என்ற கீவேர்டில் 32,768 என்று குறித்து வைக்கிறார்கள். வாசிப்பவர் கூட்டிக்கொள்ள வேண்டும். இப்போது அந்த 7,232 வட்டில் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். ஃபிட்ஸில் பெரிய பைட் முன்னால் வரும், ஆகவே 28, 64 என்ற இரண்டு பைட்டுகள். உங்கள் மடிக்கணினியின் பிராசசர் சிறிய பைட்டை முன்னால் எதிர்பார்ப்பது. நம்பையில் வகையைச் சரியாகச் சொல்லாமல் வாசித்தால் அது 64-ஐப் பெரிய பைட்டாக எடுத்துக்கொண்டு 16,412 என்று சொல்லும். ஆக ஒரே பிக்சல்: கேமரா சொன்னது 40,000, கோப்பில் இருப்பது 7,232, நீங்கள் நேரடியாக வாசித்துப் பார்த்தது 16,412. வானத்தின் இருண்ட பகுதியில், அதாவது 32,768-க்குக் கீழே உள்ள எல்லாப் பிக்சல்களும், கோப்பில் மைனஸ் எண்ணாகவே கிடக்கும்.

ஆஸ்ட்ரோபை இந்த இரண்டு திருத்தத்தையும் கேட்காமலே செய்து, குறியற்ற 16 பிட் அரேயாகக் கையில் தருகிறது. சிஃபிட்ஸ்ஐஓ-வும் அப்படியே. சந்தோஷம்தான். ஆனால் கேட்காமல் செய்வதில் ஒரு விலை இருக்கிறது. பிஜீரோவோடு பிஸ்கேல் என்ற பெருக்கு எண்ணும் ஒன்றைத் தவிர வேறாக இருந்தால், 16 பிட் முழு எண்ணாக இருந்த படம் கைக்கு வரும்போது 32 பிட் தசம எண்ணாக மாறியிருக்கும். அதை அப்படியே திரும்ப எழுதினால் கோப்பு இரண்டு மடங்காகும், பழைய அளவீட்டுக் கீவேர்டுகளும் போய்விடும். ஹெடரில் ஒரு வரியைத் திருத்தத்தானே திறந்தோம், ஏன் கோப்பு வீங்கிவிட்டது என்று பலர் விழிப்பது இதனால்தான். பழைய நிலையிலேயே எழுத ஸ்கேல்பேக் என்ற விருப்பம் இருக்கிறது. ஹெடரை மட்டும் தொட வேண்டுமானால் டேட்டா பக்கமே போகாமல் இருப்பது இன்னும் நல்லது. ஆஸ்ட்ரோபை சோம்பேறித்தனமாகத்தான் வாசிக்கும். நீங்கள் கேட்கும்வரை டேட்டாவைத் தொடாது.

மெமரி மேப்பிங் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெரிய கோப்பை முழுக்க ராமில் ஏற்றாமல் வேண்டிய பகுதியை மட்டும் வட்டிலிருந்து எடுக்க ஆஸ்ட்ரோபை இதைப் பயன்படுத்துகிறது. ஆனால் பிஜீரோ, பிஸ்கேல் உள்ள படத்தில் இது எடுபடாது. ஒவ்வொரு எண்ணையும் மாற்ற வேண்டியிருப்பதால் முழுப் படமும் ராமுக்கு வந்தே தீரும். அப்போது டேட்டாவைக் கேட்காமல் செக்‌ஷன் என்ற வழியில் கேளுங்கள். கேட்ட துண்டு மட்டும் வரும். ஹபிள் தரவுகள் அமேசான் எஸ்3 கிடங்கில் எல்லோருக்கும் திறந்து கிடக்கின்றன. செக்‌ஷனோடு எஃப்எஸ்ஸ்பெக் (fsspec) வசதியையும் சேர்த்துக்கொண்டால் கோப்பை முழுதாக இறக்காமலே ஒரு விண்மீனைச் சுற்றியுள்ள சின்னச் சதுரத்தை மட்டும் இழுத்துவிடலாம். நம் ஊர் இணைப்பு வேகத்துக்கு இதைவிட உபயோகமான வசதி ஆஸ்ட்ரோபையில் இல்லை என்பேன்.

பைட் வரிசையின் இன்னொரு முகம் பைத்தானின் அட்டவணை லைப்ரரியான பாண்டாஸில் தெரியும். ஃபிட்ஸ் அட்டவணையை நேரடியாக டேட்டாஃப்ரேமில் போட்டால் பெரிய-பைட்-முதல் பஃபரை ஏற்க மாட்டேன் என்று அது சண்டை போடும். பைட்டுகளை நீங்கள் கையால் புரட்டிக்கொண்டிருக்க வேண்டாம். ஆஸ்ட்ரோபையின் டேபிள் வழியாக வாசித்து அங்கிருந்து பாண்டாஸுக்கு மாற்றச் சொல்லுங்கள், அதுவே பார்த்துக்கொள்ளும். ஒரு கட்டத்துக்குள் ஓர் அரே முழுவதையும் வைக்க ஃபிட்ஸ் அனுமதிக்கும், பாண்டாஸ் அனுமதிக்காது. அப்படிப்பட்ட பத்திகளை மட்டும் முன்பே கழற்றிவிட வேண்டும்.

மூன்றாவது, தலைகீழ்ப் படம். வானியலாளர்கள் முதல் பிக்சலை இடது கீழ் மூலையில் வைப்பது வழக்கம், வரைபடத் தாளில் போல. படம் காட்டும் மேட்பிளாட்லிப் போன்ற லைப்ரரிகள் மேல் மூலையில் தொடங்கும். காட்டும்போது ஆரிஜின் கீழே என்று சொன்னால் போதும். மொட்டை மாடியில் சொந்தக் கேமராவில் எடுத்த படமாக இருந்தால் கூடுதல் குழப்பம் உண்டு: அமெச்சூர் மென்பொருள்கள் சில மேலிருந்து கீழாக எழுதும், சில கீழிருந்து மேலாக. ரோஆர்டர் என்ற கீவேர்டு இருக்கிறதா என்று பாருங்கள். தரநிலையில் இல்லாத, அமெச்சூர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட வழக்கம் அது. கலர் கேமராவில் இதைக் கவனிக்காவிட்டால் பேயர் வரிசை (சென்சாரின் மேல் நிற வடிகட்டிகள் அமைந்த ஒழுங்கு) மாறிப்போய் நிறமும் தப்பாக வரும்.

அச்சு வரிசையையும் மறந்துவிடாதீர்கள். ஹெடரில் முதலில் வரும் நாக்ஸிஸ்1 படத்தின் அகலம். நம்பையின் ஷேப்பில் அது கடைசியில் வரும். ஆகவே நம்பையில் முதலில் ஒய், பிறகு எக்ஸ். ஃபிட்ஸ் எண்ணிக்கை 1-ல் தொடங்குகிறது, பைத்தான் 0-ல். சிஆர்பிக்ஸ் என்ற கீவேர்டு சொல்லும் மேற்கோள் பிக்சலும் 1-ல் தொடங்கும் கணக்குதான். வானத்து ஆயங்களுக்கு மாற்றும் டபிள்யூசிஎஸ் பகுதியில் எந்தக் கணக்கு என்பதைத் தப்பாகச் சொன்னால் ஒரு பிக்சல் நகர்ந்த இடம் கிடைக்கும். படத்தில் பார்த்தால் தெரியாது. வேறொரு பட்டியலோடு விண்மீன்களைப் பொருத்திப் பார்க்கும்போது எல்லாமே ஒரே பக்கம் ஒரே அளவு தள்ளியிருக்கும். அப்படியிருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

இனி சிஃபிட்ஸ்ஐஓ. நாசாவின் காடர்ட் மையத்தில், உயராற்றல் வானியல் தரவகத்தில் வில்லியம் பென்ஸ் உருவாக்கியது. முதலில் ஃபோர்ட்ரானில் ஃபிட்ஸ்ஐஓ என்று வந்தது, 1990-களில் சி-யில் திரும்ப எழுதப்பட்டது. எக்ஸ்-கதிர் தரவுகளை அலச எல்லோரும் பயன்படுத்தும் ஹீசாஃப்ட் தொகுப்புக்கு அடியில் இருப்பது இதுதான். 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன ஆஸ்ட்ரோசாட்டின் மென் எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கித் தரவை அந்தத் தொகுப்பின் எக்ஸ்செலக்ட் கருவி கொண்டு வடிகட்டும்போது நீங்கள் அறியாமலே சிஃபிட்ஸ்ஐஓ-வைத்தான் ஓட்டுகிறீர்கள். சிரில், கேஸ்டார்ஸ், பிஹெச்டி2 போன்ற அமெச்சூர் மென்பொருள்களும், புவியியல்காரர்களின் ஜிடால் லைப்ரரியும்கூட ஃபிட்ஸைத் திறக்க இதையே நம்பியிருக்கின்றன. ஜூலியா, ரஸ்ட் மொழிகளுக்கான லைப்ரரிகள் இதன் மேல் போட்ட போர்வைகள். ஜாவாவுக்குத் தனியே ஒன்று உண்டு.

சி-யில் எழுதப் போகிறீர்கள் என்றால் ஸ்டேட்டஸ் என்ற ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள், மற்றதெல்லாம் கையேட்டிலேயே இருக்கிறது. ஒவ்வொரு செயல்கூறும் கடைசியாக ஸ்டேட்டஸ் என்ற முழு எண்ணின் முகவரியை வாங்குகிறது. உள்ளே வரும்போது அது பூஜ்யத்துக்கு மேல் இருந்தால், முன்னால் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று புரிந்துகொண்டு அந்தச் செயல்கூறு ஒன்றுமே செய்யாமல் திரும்பிவிடும். இதன் அழகு: திற, ஹெடரைப் படி, பத்தியைக் கண்டுபிடி, மதிப்புகளை வாசி, மூடு என்று வரிசையாக எழுதிவிட்டு கடைசியில் ஒரே ஒரு தடவை ஸ்டேட்டஸைப் பார்த்தால் போதும். ஒவ்வொரு வரிக்கும் பிழைச் சோதனை எழுதி நிரலை நாசம் செய்ய வேண்டியதில்லை. இதன் கண்ணி: தொடக்கத்தில் ஸ்டேட்டஸைப் பூஜ்யமாக்க மறந்தால் நினைவகத்தில் கிடந்த ஏதோ குப்பை எண்ணைப் பார்த்துவிட்டு எல்லாச் செயல்கூறுகளும் மௌனமாகத் திரும்பிவிடும். நிரல் ஓடும், முடியும், வெளியீடு மட்டும் வராது. பிழை அறிக்கைச் செயல்கூறைக் கடைசியில் கூப்பிடுகிறவர்களுக்கு இது உடனே தெரியும், கூப்பிடாதவர்கள் இரவெல்லாம் தேடுவார்கள்.

சிஃபிட்ஸ்ஐஓ-வில் எனக்கு மிகவும் பிடித்தது நீட்டித்த கோப்புப் பெயர் இலக்கணம். கோப்பின் பெயருக்குப் பின்னால் சதுர அடைப்புக்குறிக்குள் எந்த எக்ஸ்டென்ஷன் என்று சொல்லலாம்; அதற்குப் பின்னால் இன்னோர் அடைப்புக்குறியில் எந்த வரிசைகள் வேண்டும் என்று நிபந்தனை போடலாம். எக்ஸ்-கதிர்த் தரவில் படம் என்று ஒன்று தொடக்கத்தில் இருக்காது. வந்து விழுந்த ஒவ்வொரு ஃபோட்டானுக்கும் ஒரு வரிசை, அதில் நேரம், இடம், ஆற்றல் என்று ஒரு பெரிய அட்டவணைதான் இருக்கும். 'ஈவென்ட்ஸ் அட்டவணையை எடு, அதில் இந்த ஆற்றல் எல்லைக்குள் உள்ளவற்றை மட்டும் வை, எக்ஸ் ஒய்-யை வைத்து எண்ணிப் படமாக்கு' என்பதை முழுக்கக் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடலாம். திறக்கும் நிரலுக்கு இது எதுவும் தெரிய வேண்டாம். அதன் கண்ணுக்கு ஒரு சாதாரணப் படக் கோப்பு திறந்தது போல இருக்கும். நல்ல நேரத்தை மட்டும் எடு, இந்த வட்டத்துக்குள் விழுந்ததை மட்டும் எடு என்பதற்கும் தனிச் செயல்கூறுகள் அந்த இலக்கணத்துக்குள்ளேயே உண்டு. ஜிஜிப் செய்த கோப்பையும், ஹெச்டிடிபி முகவரியையும் அப்படியே கொடுக்கலாம். கோப்பு ஏற்கெனவே இருந்தால் எழுத மறுக்கும். மேலெழுத வேண்டுமானால் பெயருக்கு முன்னால் ஆச்சரியக்குறி. ஷெல்லில் அந்தக் குறிக்கு வேறு வேலை இருக்கிறது, ஒற்றை மேற்கோளுக்குள் போடுங்கள். கோப்பின் உண்மையான பெயரிலேயே சதுர அடைப்புக்குறி வந்து தொலைத்தால் இந்த இலக்கணத்தைப் பார்க்காமல் திறக்க டிஸ்க்ஃபைல் என்று முடியும் தனிச் செயல்கூறு இருக்கிறது.

அட்டவணை வாசிப்பில் ஒரு வேகக் குறிப்பு. ஃபிட்ஸ் பைனரி அட்டவணை வரிசை வரிசையாகச் சேமிக்கப்படுகிறது. நமக்கோ பத்திதான் வேண்டும். பத்து பத்திகளை ஒவ்வொன்றாக மேலிருந்து கீழ்வரை வாசித்தால் முழுக் கோப்பையும் பத்துத் தடவை கடக்கிறீர்கள். ஒரு வீச்சில் எத்தனை வரிசை எடுத்தால் உசிதம் என்று சிஃபிட்ஸ்ஐஓ-வையே கேட்டு, அந்த அளவுத் துண்டில் எல்லாப் பத்திகளையும் முடித்துவிட்டு அடுத்த துண்டுக்குப் போங்கள்.

அப்படியானால் ஆஸ்ட்ரோபை இதன் மேல் போட்ட போர்வையா என்றால், இல்லை. ஹபிளை இயக்கும் விண்தொலைநோக்கி அறிவியல் நிறுவனத்தில் பைஃபிட்ஸ் என்று தனியே பைத்தானில் எழுதப்பட்டது. 2011-ல் ஆஸ்ட்ரோபை திட்டம் தொடங்கியபின் அதற்குள் சேர்ந்துகொண்டது. சுருக்கிய படங்களுக்கு மட்டும் சிஃபிட்ஸ்ஐஓ-வின் நிரலை உள்ளே வைத்திருந்தார்கள். 2023-ல் வந்த 5.3 பதிப்பில் அதையும் மாற்றி எழுதிவிட்டார்கள். பைத்தானிலேயே இருந்துகொண்டு சிஃபிட்ஸ்ஐஓ வேகம் வேண்டுமானால் எரின் ஷெல்டனின் ஃபிட்ஸ்ஐஓ தொகுப்பு உண்டு. பெரிய அட்டவணையில் சில பத்திகள், சில வரிசைகள் மட்டும் வேண்டும் என்ற நிலையில் அதுதான் என் தேர்வு. ஹெடரோடு மல்லுக்கட்டுவது, அலகுகள், வானத்து ஆயங்கள் என்று வந்தால் ஆஸ்ட்ரோபையின் பக்கத்தில் எதுவும் நிற்காது. கேமராவோடு நேரடியாகப் பேசும் நிரல், வேகம் முக்கியமான பைப்லைன், பைத்தான் ஏற்ற முடியாத சிறிய கருவி: இவற்றுக்கு சி-யில் இறங்குங்கள்.

சுருக்கம் பற்றி ஓர் எச்சரிக்கை. எஃப்இசட் என்று முடியும் கோப்புகளைப் பார்ப்பீர்கள். படத்தைச் சிறு ஓடுகளாக வெட்டி ஒவ்வோர் ஓட்டையும் தனித்தனியே சுருக்கி ஒரு பைனரி அட்டவணையின் வரிசைகளாக வைக்கும் முறை அது. 2016-ல் ஏற்ற 4.0 தரநிலையில் முறைப்படி சேர்ந்தது. அட்டவணை என்பதால் முதல் அடுக்கில் இருக்க முடியாது, ஆகவே இங்கும் படம் ஒன்றாம் ஹெச்டியூவில்தான். ஜிஜிப்போல முழுக் கோப்பையும் விரிக்க வேண்டியதில்லை, வேண்டிய ஓட்டை மட்டும் விரித்தால் போதும். முழு எண் படங்களுக்கு ரைஸ் முறை வேகமானது, ஒரு பிட்கூட இழக்காது. தசம எண் படங்களுக்கு அதே பெயரில் நடப்பது வேறு: தசம எண்ணின் கடைசி இலக்கங்கள் பெரும்பாலும் வெறும் இரைச்சல், அவை சுருங்காது. அதனால் படத்தின் இரைச்சல் அளவைக் கணித்து, அதன் ஒரு பின்னத்துக்குள் மதிப்புகளைப் படிகளாக்கிவிட்டுப் பிறகு சுருக்குகிறார்கள். திரும்ப விரித்தால் அதே எண் வராது. ஒளியளவியலுக்குப் பெரும்பாலும் பாதகமில்லை, ஆனால் பிழை வரைபடம், எடை வரைபடம் போன்றவற்றுக்கு இதைக் கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். இழப்பே கூடாதென்றால் படியாக்கத்தை நிறுத்திவிட்டு ஜிஜிப் முறையைத் தேர்ந்தெடுங்கள். கோப்பு அவ்வளவாகச் சுருங்காது.

எழுதும்போது ஹெடரின் குறுகல் இன்னும் நன்றாக உறைக்கும். கீவேர்டுக்கு எட்டு எழுத்துதான். ஐரோப்பியத் தென்வானாய்வகம் இதைத் தாண்ட ஹைரார்க் என்ற வழக்கத்தைப் பிடித்துக்கொண்டு நீளமாக எழுதுகிறது. மதிப்பில் அச்சிடத்தக்க ஆஸ்கி எழுத்துகள் மட்டும். டிகிரிக் குறியைக்கூட ஏற்காது. நோக்குநர் பெயரைத் தமிழில் எழுதிப் பாருங்கள், ஆஸ்ட்ரோபை பிழை கொடுத்து நிறுத்திவிடும். காவலூர் வானாய்வகத்திலிருந்து எடுத்த படமானாலும் ஊர்ப் பெயர் ஆங்கில எழுத்தில்தான். தேதிக்கும் ஒரு கதை: டேட்-ஆப்ஸ் கீவேர்டில் ஆரம்பத்தில் ஆண்டுக்கு இரண்டு இலக்கம்தான் இருந்தது. 2000 நெருங்கியதும் 1997-ல் நான்கு இலக்க ஆண்டை முதலில் எழுதும் முறைக்கு மாற்றினார்கள். பழையதை ரத்து செய்யக் கூடாது அல்லவா, அதனால் இரண்டு இலக்கம் கண்டால் அது 1900 முதல் 1999 வரை என்றே பொருள் என்று தரநிலையில் எழுதி வைத்திருக்கிறது. பழைய மென்பொருளில் எடுத்த கோப்பு கைக்கு வந்தால் இதைப் பாருங்கள்.

ஒரு கீவேர்டைச் சேர்ப்பது சின்ன வேலை என்று தோன்றும். துண்டில் 36 கார்டும் நிறைந்திருந்தால் 37-ஆவது கார்டுக்குப் புதிதாக 2,880 பைட் வேண்டும், பின்னாலிருக்கும் டேட்டா முழுவதும் நகர வேண்டும். பல ஜிகாபைட் கோப்பில் ஒரு வரி சேர்க்க ஆஸ்ட்ரோபை ஏன் இவ்வளவு நேரம் எடுக்கிறது என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான். அது முழுக் கோப்பையும் திரும்ப எழுதிக்கொண்டிருக்கும். பின்னால் கீவேர்டுகள் வரும் என்று தெரிந்தால் முன்கூட்டியே சில வெற்றுக் கார்டுகளைப் போட்டு இடம் பிடித்து வையுங்கள்.

ஃபிட்ஸுக்கு மாற்று வந்துவிட்டதே, இதை ஏன் படிக்க வேண்டும் என்று அடுத்து கேட்பீர்கள். வந்திருக்கிறது. பைஃபிட்ஸ் உருவான அதே நிறுவனம் ஆஸ்டிஎஃப் என்ற வடிவத்தைக் கொண்டுவந்தது. ரோமன் விண்தொலைநோக்கியின் தரவுகளுக்கு அதைத்தான் தேர்ந்திருக்கிறார்கள். ஜேம்ஸ் வெப் கோப்புகளிலேயே கடைசி அடுக்கில் ஓர் ஆஸ்டிஎஃப் பகுதி ஒளிந்திருக்கும், ஃபிட்ஸ் கீவேர்டுகளால் சொல்ல முடியாத ஆயமாற்ற விவரங்கள் அதில். லோஃபார் போன்ற வானொலித் தொலைநோக்கிகளின் சில தரவுகளுக்கு ஹெச்டிஎஃப்5. பெரிய பட்டியல்களைப் பத்திவாரியாக அலச பார்க்கே கோப்புகளே வசதி. ஆனாலும் நாற்பது வருடத் தரவகங்கள் முழுக்க ஃபிட்ஸில்தான் இருக்கின்றன. அவற்றை யாரும் மாற்றி எழுதப் போவதில்லை.

உங்கள் சொந்த முடிவுகளை எதில் சேமிப்பது என்றால்: படமாக இருந்து வேறொருவர் தன் மென்பொருளில் திறக்க வேண்டியதாக இருந்தால் ஃபிட்ஸ், வேறு யோசனையே வேண்டாம். அட்டவணையானால் அலகுகளைச் சேர்த்து ஆஸ்ட்ரோபை டேபிளிலிருந்தே ஃபிட்ஸாக எழுதுங்கள், பத்தியின் அலகு ஹெடரில் போய் உட்கார்ந்துவிடும். எழுதும்போது செக்சம் விருப்பத்தைப் போடுங்கள். பின்னால் ஃபிட்ஸ்செக் என்ற கட்டளையை ஓட்டினால் வழியில் கோப்பு கெட்டதா என்று தெரியும். வெளியே அனுப்பும் முன் நாசாவின் ஃபிட்ஸ்வெரிஃபை கருவியில் ஒருமுறை காட்டிவிடுங்கள். ஆஸ்ட்ரோபை பெருந்தன்மையாக விட்டுவிடும் சின்னச் சின்ன மீறல்களையும் அது விடாமல் சொல்லும்.